வைண்டிங் கடையில் ஒரு ஜனதா

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு வாட்ச்சில் ஆர்வம் கிடையாது. பிடிக்காது என்றுகூடச் சொல்ல முடியாது, அதைப் பற்றி ஒரு நினைப்பே வந்ததில்லை. கல்யாணத்துக்குப் போட்ட வாட்ச் இப்போது எந்த அலமாரியில் கிடக்கிறது என்று கேட்டால் தெரியாது. குன்னூரில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறேன். நாள் முழுக்கக் கையில் வார்னிஷும் செம்புக் கம்பியும். மணி பார்க்கப் போன் இருக்கிறது, போனில் சார்ஜ் இல்லையென்றால் டீ ஃபேக்டரிச் சங்கு இருக்கிறது.

அப்படிப்பட்டவன் போன ஐப்பசியில் 11 ராத்திரி எச்.எம்.டி. ஜனதா என்கிற, சாவி கொடுத்து ஓட்டும் ஒரு வாட்ச்சோடு உட்கார்ந்திருந்தேன். மழையில் ரயில் பாதையில் மண் சரிந்து, கரண்ட்டும் பாதி நேரம் இல்லாமல், கடைக்கு ஆள் வராத நாட்கள். அந்தக் கதைதான் இது.

வாட்ச் என் மாமனாருடையது. காட்டேரி பக்கம் ஒரு டீ ஃபேக்டரியில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கிற டீமேக்கராக இருந்தவர். அவர் காலமான பிறகு வீட்டை ஒழித்தபோது ஒரு பிஸ்கட் டப்பாவில், வார் இல்லாமல், ரேஷன் கார்டு நகல்களுக்கு அடியில் கிடந்தது. மாமியார்தான் எடுத்துக் கொடுத்தார். "மாப்பிள்ளை, அவ்வளவு பெரிய மோட்டாரெல்லாம் ஓட்டிவிடறீங்க. இதை ஓட வைக்க முடியாதா?" முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தொழில் கௌரவம் என்று ஒன்று இருக்கிறதே.

சாவி கொடுத்துப் பார்த்தேன். பக்கவாட்டில் இருக்கும் திருகு கொஞ்சம் சுற்றியதும் நின்றுவிட்டது, அதாவது ஸ்பிரிங் ஏற்கெனவே முழுக்க இறுகித்தான் இருக்கிறது. குலுக்கினால் 10 நொடி ஓடும், நிற்கும். எங்கள் பாஷையில் சொன்னால் சப்ளை இருக்கிறது, ரோட்டார், அதாவது உள்ளே சுற்றுகிற பாகம், ஜாம். அந்த ஒரு வரியில்தான் நான் மாட்டிக்கொண்டேன். மோட்டாரில் இப்படி இருந்தால் என்ன செய்வேன்? கழற்றுவேன், கழுவுவேன், பேரிங் பார்ப்பேன், எண்ணெய் விடுவேன். இதிலும் அதுதானே?

பின்மூடி திருகி மூடும் வகை. அதற்கென்று சாவி என்னிடம் இல்லை. ஒரு ரப்பர் பந்தை அழுத்திப் பிடித்துத் திருகினேன், இரண்டாவது முயற்சியில் கழன்றது. உள்ளே முதலில் கண்ணில் பட்டது பழுப்பு நிறப் பஞ்சு. திருகு நுழையும் ஓட்டை வழியாகப் போயிருக்க வேண்டும். டிரையர் மோட்டாரின் ஃபேன் கவரைக் கழற்றும்போது கொத்தாக விழுமே தேயிலைப் பஞ்சு, அதே சரக்கு. நான் ஃபேக்டரி மோட்டார்களில் 20 வருடமாகத் துடைத்துப் போடுகிற குப்பை, மாமனாரின் மணிக்கட்டிலும் இருந்திருக்கிறது.

டீமேக்கருக்கு வாட்ச் அலங்காரம் கிடையாது, அது தொழில் சாமான். வாடிய கொழுந்து சி.டி.சி. (நசுக்கி, கிழித்து, சுருட்டுவது) உருளைகளில் நசுங்கி வந்ததும் அதைப் புளிக்கப் போடுவார்கள். பச்சை மாறிச் செம்பு நிறம் வர ஒரு மணி நேரத்துக்கு முன்பின் ஆகும். குளிருக்கும் ஈரத்துக்கும் தகுந்தபடி அது கூடும், குறையும். கொஞ்சம் முந்தினால் டீ பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சப்பென்று போகும். மாமனார் மூக்கையும் வாட்ச்சையும் மாற்றி மாற்றி நம்புவார் என்று என் மனைவி சொல்வாள். கொழுந்தை முகர்வதற்கு முன்னால் ஒரு தடவை வாட்ச்சைக் காதில் வைத்துப் பார்ப்பாராம், ஓடுகிறதா என்று.

பின்மூடியைத் துடைத்தபோது உள்பக்கம் ஊசியால் கீறின மாதிரி எழுத்து. லென்ஸ் வைத்துப் பார்த்தால் 6-79, 83, 4-87, 91. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு கிறுக்கல். வாட்ச் ரிப்பேர் செய்பவர்கள் வேலை முடித்ததும் இப்படித் தேதியும் அடையாளமும் போடுவது உலகம் முழுக்க உள்ள பழக்கம், அடுத்துத் திறப்பவனுக்கான குறிப்பு. நான் ரிவைண்டிங் செய்த மோட்டாரின் டெர்மினல் பெட்டிக்குள் மார்க்கர் பேனாவில் தேதி எழுதுவேன், சுற்று எண்ணிக்கையும் எழுதுவேன். எனக்குத் தெரியாத ஒரு தொழிலில் எனக்குத் தெரிந்த பழக்கம். 4 வருடத்துக்கு ஒரு தடவை சர்வீஸ். தனக்கென்று ஒரு செருப்பு வாங்க யோசிக்கிற மனிதர் அவர். கியர்பாக்ஸுக்கு எண்ணெய் மாற்றுகிற மாதிரி தவறாமல் மாற்றியிருக்கிறார்.

இனி வேலைக்கு வருகிறேன்.

ஜனதாவுக்குள் இருப்பது எச்.எம்.டி. 0231 என்கிற மெஷின். பெங்களூரில் 1961இல் ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியோடு கூட்டு சேர்ந்துதான் எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பில் இறங்கியது, இந்த மெஷினும் சிட்டிசன் வழி வந்ததுதான். 17 கல். கல் என்றால் மாணிக்கம், ஆனால் உலையில் செய்த செயற்கை மாணிக்கம். விலைக்காக வைத்ததில்லை, பெரும்பாலும் பேரிங். இரும்பு அச்சு மாணிக்கத்துக்குள் சுற்றினால் தேய்மானம் மிகக் குறைவு. "17 ஜுவல்ஸ்" என்று டயலில் போட்டிருப்பதை நான் இத்தனை நாள் ஏதோ பகட்டு என்று நினைத்திருந்தேன். தன் பேரிங்கைப் பெருமையாக டயலில் அச்சடித்த ஒரு மெஷினை எனக்குப் பிடிக்காமல் போகுமா?

ஓட்டம் இப்படி: டப்பாவுக்குள் சுருண்ட மெயின் ஸ்பிரிங் மெதுவாக அவிழ்கிறது. அது வரிசையாகப் பல் சக்கரங்களைத் தள்ளுகிறது, ஒவ்வொன்றும் முந்தியதைவிட வேகம். கடைசியில் எஸ்கேப் வீல். விட்டால் எல்லாம் ஒரே மூச்சில் சுற்றித் தீர்ந்துவிடும். அதைத் தடுக்கத்தான் கவை மாதிரி ஒரு துண்டு, பேலட். அதன் இரண்டு முனையிலும் மாணிக்கப் பல். பேலன்ஸ் சக்கரம் ஊஞ்சல் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடும்போது கவையைத் தட்டும், கவை எஸ்கேப் வீலில் ஒரு பல்லை விட்டு அடுத்ததைப் பிடிக்கும். அந்தப் பிடிதான் நமக்குக் கேட்கிற டிக். நொடிக்கு 5, மணிக்கு 18,000, நாளுக்கு 4,32,000. எஸ்கேப் வீலில் 15 பல் எண்ணினேன். ஒரு பல்லுக்கு இரண்டு டிக், அப்படியானால் ஒரு சுற்றுக்கு 30, நிமிடத்துக்கு 10 சுற்று. பேப்பரில் கணக்குப் போட்டு, அது சரியாக வந்ததும் ஏதோ நானே கண்டுபிடித்த மாதிரி சந்தோஷம். கடைப் பையனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவன் மரியாதைக்குத் தலையாட்டினான்.

கழற்றுவதில் ஒரு விதி தவறக் கூடாது. பேலட்டைத் தொடும் முன் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை விட்டுவிட வேண்டும். திருகை விரலால் பிடித்துக்கொண்டு கிளிக் என்கிற தடுப்புக் கட்டையைச் சாமணத்தால் விலக்கி, விரலுக்கு இடையே மெல்லச் சுழல விட வேண்டும். விடாமல் பேலட்டைத் தூக்கினால் மொத்தச் சக்கரமும் பறக்கும், பல் போகும். இதைச் சரியாகச் செய்தேன். ஒவ்வொரு அடுக்கையும் போனில் படம் எடுத்துக்கொண்டேன். இட்லித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஒரு அடுக்கின் ஸ்க்ரூக்கள். (வீட்டில் அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை.)

கழுவ வெள்ளைப் பெட்ரோல். ஜன்னலைத் திறந்து வைத்து, ரூம் ஹீட்டரை அணைத்துவிட்டுத்தான். ஸ்பிரிட் போதாதா என்று முதலில் யோசித்தேன், நல்ல வேளையாக நிறுத்திக்கொண்டேன். பேலட்டின் அந்த மாணிக்கப் பற்களை ஒட்டியிருப்பது அரக்கு. அரக்கு ஸ்பிரிட்டில் கரையும் என்பது மரத்துக்குப் பாலிஷ் போடுகிற எவருக்கும் தெரியும், பெட்ரோலில் கரையாது. 2026லும் ஒரு பூச்சியின் பிசின்தான் வாட்ச்சின் முக்கியமான இடத்தைப் பிடித்து வைத்திருக்கிறது என்பது எனக்குப் புதுச் செய்தி.

அச்சுகளில் இருந்தது எண்ணெய் என்றே சொல்ல முடியாது, மெழுகு. குன்னூர் 1,800 மீட்டருக்கு மேல். பழைய எண்ணெய் மார்கழிக் குளிரில் கெட்டிப்படும். அது போதாதென்று யாரோ நடுவில் தேங்காய் எண்ணெய் விட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன், ஓரத்தில் ஒரு மாதிரி மஞ்சள் பிசுக்கு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். தையல் மெஷின் எண்ணெயும் வேண்டாம், பரவி ஓடிவிடும். கோவையில் வாட்ச் சாமான் கடையில் ஒரு குப்பி வாங்கிவரச் சொன்னேன். ஊசி முனையில் தொட்டு, கல்லின் குழியில் பாதி நிறைகிற அளவு, அவ்வளவுதான். பேலட்டின் அச்சுக்கு எண்ணெயே கிடையாது. பேரிங்கில் கிரீஸைக் கையால் அப்புகிற எனக்கு இது ஏறக்குறைய தியானம்.

ஐந்தாம் ராத்திரி அசம்பாவிதம். கிளிக்குக்குப் பின்னால் அதைத் தள்ளிப் பிடிக்க மயிர் மாதிரி ஒரு சின்னக் கம்பி ஸ்பிரிங் உண்டு. அதைத் திரும்ப உட்கார வைக்கும்போது "டிங்" என்றது. அப்புறம் இல்லை. மேசை, மடி, சட்டை மடிப்பு, எங்கும் இல்லை. கடையின் சிமெண்ட் தரையில் 20 வருட இரும்புத் தூள், கம்பித் துண்டு. கடைப் பையனுக்குத்தான் யோசனை வந்தது: பழைய ஸ்பீக்கர் மேக்னெட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தரையில் இழுத்தோம். மூன்றாவது தடவையில், துருப்பிடித்த வாஷர்களுக்கு நடுவே, அது ஒட்டிக்கொண்டு வந்தது. அன்று நான் அவனுக்குப் பரோட்டா வாங்கிக் கொடுத்தேன். மேக்னெட்டை எங்கே வைத்தேன் என்பதை மட்டும் கவனிக்கவில்லை. மேசையில், வாட்ச் பாகங்கள் இருந்த தட்டுக்குப் பக்கத்தில், விடிய விடிய இருந்திருக்கிறது.

ஒன்பதாம் ராத்திரி எல்லாம் மாட்டி முடிந்தது. பேலன்ஸை இறக்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அதன் அச்சு முனைகள் ஒவ்வொன்றும் தன் கல்லுக்குள் விழ வேண்டும், விழாமல் ஸ்க்ரூவை முறுக்கினால் அச்சு முறியும். லேசாக அசைத்தேன். விழுந்த கணமே, நான் எதுவும் செய்யாமலே, அது ஆடத் தொடங்கியது. மோட்டாருக்கு ஸ்விட்ச் போட வேண்டும். இதற்கு ஸ்விட்ச் இல்லை, இடம் சரியானால் தானே கிளம்புகிறது. பையன் வாங்கிக் காதில் வைத்தான். அவனுக்கு வயது 19, வாட்ச் கட்டியதே இல்லை. வெகுநேரம் காதிலிருந்து எடுக்கவில்லை. "அண்ணே, கரண்ட் இல்லாம இது எப்படிண்ணே..." என்றான். எஸ்கேப் வீல் கணக்குக்கு மரியாதைக்குத் தலையாட்டிய அதே பையன்.

காலையில் பார்த்தால் 8 மணி நேரத்தில் 20 நிமிடம் முன்னால் ஓடியிருக்கிறது.

சரி, இனிமேல் என் அறிவு போதாது என்று மார்க்கெட்டில் ஒரு பெரியவரிடம் போனேன். துணிக்கடை வாசலில் ஒரு கண்ணாடிப் பெட்டி அளவு கடை. இப்போது செல் மாற்றுவது, ஸ்ட்ராப் போடுவது, அவ்வளவுதான் அவர் வேலை. செல்லில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச் வந்த பிறகு அப்படித்தான். நொடிக்கு 32,768 தடவை அதிரும் ஒரு படிகத் துண்டின் முன்னால் நொடிக்கு 5 டிக் எங்கே நிற்கும்? ஓசூரில் டைட்டன் வந்தது, எச்.எம்.டி. தேய்ந்தது, 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூட ஒப்புதலே கொடுத்துவிட்டது. பெரியவர் இதற்கெல்லாம் வருத்தப்படுகிறவராகத் தெரியவில்லை. பின்மூடியைத் திறந்தார். முதலில் மெஷினைப் பார்க்கவில்லை, மூடியைத்தான் திருப்பிப் பார்த்தார்.

"இந்த 87 நான் போட்டது."

எனக்குப் பேச்சு வரவில்லை. அவர் பேசினார். "ஆனா இந்த ஸ்க்ரூ தலையை நாசம் பண்ணினது நான் இல்லை. அது யாரு?"

நான்தான். சொன்னேன். ஸ்க்ரூ டிரைவர் முனை ஸ்க்ரூவின் வெட்டுக்குச் சரியான அகலம் இருக்க வேண்டும் என்று ஐந்து நிமிடம் வகுப்பு எடுத்தார். அப்புறம் ஒரு குட்டித் திசைகாட்டியை வாட்ச்சின் மேல் வைத்தார். முள் நடுங்கியது. "உன் கடையில மேக்னெட் இருக்கா தம்பி?"

விஷயம் இதுதான். பேலன்ஸை இழுத்துப் பிடிக்கிற ஹேர் ஸ்பிரிங் ஒரு தட்டையான சுருள். அதில் காந்தம் ஏறினால் சுருளின் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஸ்பிரிங் குட்டையானது போல் ஆகிவிடும். ஊஞ்சல் கயிறு குட்டையானால் ஆட்டம் வேகமாகும் இல்லையா, கிட்டத்தட்ட அப்படித்தான். "இறக்கித் தரவா?" என்றார். "நானே இறக்குகிறேன்" என்றேன். காந்தம் ஏற்றவும் இறக்கவும்தானே நான் கடையே வைத்திருக்கிறேன்.

அரைக் குதிரைச் சக்தி ஒற்றை ஃபேஸ் மோட்டார் ஒன்றின் ஸ்டேட்டர் (காயில் சுற்றிய, அசையாத வெளிப்பாகம்), ரோட்டார் எடுத்துவிட்டுக் காலியாக இருந்தது. ரன்னிங் காயிலுக்கு மட்டும், 200 வாட்ஸ் பல்பை சீரிஸில் போட்டு, சப்ளை கொடுத்தேன். ஏசி என்பதால் உள்ளே காந்தப்புலம் நொடிக்கு 50 தடவை வடக்கும் தெற்குமாகப் புரண்டுகொண்டே இருக்கும். ரோட்டார் இருந்த இடத்தில், நூலில் கட்டிய வாட்ச். சப்ளை ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை மெல்ல வெளியே இழுக்க வேண்டும். தள்ளிப் போகப் போகப் புரட்டல் தேய்ந்து தேய்ந்து, ஒரு பக்கமும் மிச்சம் வைக்காமல் முடியும். முதல் தடவை நான் இழுப்பதற்குள் பையன் ஸ்விட்ச்சை அணைத்துவிட்டான். திசைகாட்டி முன்னைவிடக் கூடத் துள்ளியது. இரண்டாவது தடவை அவன் கையைப் பின்னால் கட்டிக்கொள்ளச் சொன்னேன். முள் அசையவில்லை. இதை நீங்கள் வீட்டில் செய்ய வேண்டாம், திறந்த காயிலில் ஷாக் அடிக்கும். வாட்ச் கடையில் அதற்கென்றே சின்னக் கருவி இருக்கிறது.

மிச்சம் இருந்தது சில்லறை வேலை. டிக் ஒலியை மைக்கில் கேட்டு நாளைக்கு எத்தனை நொடி வேகம், எத்தனை மந்தம் என்று சொல்கிற ஆப் போனில் கிடைக்கிறது. பேலன்ஸின் மேலிருக்கும் சின்ன நெம்பை மயிரிழை நகர்த்தினால் ஹேர் ஸ்பிரிங்கின் வேலை செய்யும் நீளம் மாறும். நாளுக்கு 25 நொடி வேகத்தில் நிறுத்திவிட்டேன். கண்ணாடி பிளாஸ்டிக்தான், பற்பசை போட்டுத் தேய்த்ததில் கீறல் பாதி போயிற்று. டயலைத் தொடவில்லை. பழைய எச்.எம்.டி. என்று சொல்லிப் புதுப் பெயிண்ட் அடித்த பளபள டயலோடு விற்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதில் எனக்கு ஏனோ மனம் போகவில்லை. இந்த டயலில் இந்தியில் எழுதிய "ஜனதா" பாதி மங்கி, 4 மணிக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கறை நிறத்தில் இருக்கிறது. இருக்கட்டும்.

கடைக்கு வருகிறவர்களிடம் காட்டிப் பார்த்தேன். ஃபேக்டரி ஃபிட்டர், கேஸ் சிலிண்டர் கொண்டு வருபவர், மிக்ஸி ரிப்பேருக்கு வந்த ஒரு டீச்சர். எவரும் வாட்ச் பிரியர் கிடையாது. என்ன விலை என்று ஒருவரும் கேட்கவில்லை. எல்லோரும் ஒன்றையேதான் செய்தார்கள்: காதில் வைத்தார்கள், அப்புறம் பின்மூடியைத் திறந்து காட்டச் சொன்னார்கள். யோசித்தால் குன்னூர் ஸ்டேஷனில் தினமும் நடப்பது இதுதான். மேட்டுப்பாளையத்திலிருந்து பல் தண்டவாளத்தில் ஏறி வரும் நீராவி இன்ஜினை இங்கே கழற்றிவிட்டு, ஊட்டிக்கு டீசல் மாட்டுவார்கள். இன்ஜின் பற்றி ஒன்றும் தெரியாத கூட்டம் முழுக்க நீராவி இன்ஜினைச் சுற்றித்தான் நிற்கும். அதில் கீழ் சிலிண்டர் சாதாரணச் சக்கரத்தையும் மேல் சிலிண்டர் பல் சக்கரத்தையும் தள்ளுவது வெளியிலேயே தெரிகிறது. எது எதை இழுக்கிறது என்று கண்ணால் பின்தொடர்ந்து போகலாம். டீசல் இன்ஜின் அதைவிடச் சுலபமாக இழுக்கிறது, ஆனால் அது ஒரு மூடிய பெட்டி. என் போனும் அப்படித்தான். மணி துல்லியமாகக் காட்டும், எப்படிக் காட்டுகிறது என்று திறந்து பார்க்க வழியில்லை.

மற்றபடி நான் வாட்ச் பிரியன் ஆகிவிடவில்லை. போன வாரம் ஒரு நண்பர் லட்சக்கணக்கில் போட்டு வாங்கிய வாட்ச்சைக் காட்டினார். பின்மூடி திறக்கக் கூடாதாம், கம்பெனிக்குத்தான் அனுப்ப வேண்டுமாம். நல்லா இருக்கு என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

ஜனதாவை நான் கட்டுவதும் இல்லை. என் கடையில் அதற்கு ஆகாது, ஒரு நாளில் மறுபடி காந்தம் ஏறிவிடும். வீட்டில் ஸ்வாமி படத்துக்குக் கீழே ஒரு கொக்கியில் தொங்குகிறது. காலையில் டீ போடும்போது மனைவி சாவி கொடுக்கிறாள். பின்மூடியின் உள்ளே 91க்குக் கீழே நானும் தேதி கீறினேன், பக்கத்தில் என் அடையாளமாக ஒரு சின்னக் காயில்.

நேற்றுப் பையன் ஒரு மஞ்சப்பையோடு வந்தான். அவன் பாட்டியின் அலாரம் கடிகாரம், இரண்டு மணி வைத்தது, 15 வருடமாக ஓடவில்லையாம். எனக்கு 4 ஆர்மேச்சர் காத்திருக்கிறது, ஒரு டிரையர் மோட்டார் வேறு. மார்க்கெட் பெரியவரிடம் கொண்டு போகச் சொன்னேன். மழை விட்டதும் போகட்டும் என்று பையை மட்டும் இங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.